காலையில் நீலம், மதியம்தான் பச்சை: அனுபியாஸ் இலையில் கரும்பாசி

கேள்வி:
60 லிட்டர் தொட்டி, செடிகள் வளர்க்கும் மீன் தொட்டி, வைத்து எட்டு மாதம் ஆகிறது. கார்பன் டை ஆக்சைடு வினாடிக்கு ஒரு குமிழி. விளக்கும், அந்தக் கேஸைத் திறந்து மூடும் சோலனாய்டு வால்வும் ஒரே டைமரில், காலை 10 முதல் மாலை 6 வரை. ஒரு மாதமாக அனுபியாஸ் செடியின் இலை ஓரமெல்லாம் பிரஷ் முடி போலக் கரும்பாசி. தேய்த்தால் இலைதான் கிழிகிறது, பாசி போவதில்லை. தண்ணீரில் கேஸ் எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டிராப் செக்கர் காலையில் நீலம் (கேஸ் குறைவு), மதியம் 2 மணிக்குத்தான் பச்சை (போதுமான அளவு). குமிழியைக் கூட்டலாமா? பன்னிரண்டு நியான் டெட்ரா மீன்கள் இருக்கின்றன, அதுதான் பயம்.

பதில் 1:
இப்போதைக்குக் கூட்டாதீர்கள். உங்கள் சிக்கல் அளவில் இல்லை, நேரத்தில் இருக்கிறது. விளக்கு எரிந்ததுமே செடி கேஸைத் தேடும். உங்கள் தொட்டியில் அது தண்ணீரில் சேரவே மதியம் ஆகிவிடுகிறது. இப்படி ஏறி இறங்கும் தொட்டியில்தான் கரும்பாசி பிடிக்கும். வால்வுக்குத் தனி டைமர் போட்டு, கேஸை 8 மணிக்கே திறந்து 5 மணிக்கு மூடுங்கள். இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும், அப்போது கேஸ் வேண்டவே வேண்டாம்.

டிராப் செக்கர் ஒன்றிரண்டு மணி நேரம் பின்தங்கியே நிறம் காட்டும். நான் அது தெரியாமல், நிறம் மாறவில்லையே என்று குமிழியைக் கூட்டிக்கொண்டே போனேன். மாலையில் பார்த்தால் மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. பாதித் தண்ணீரை மாற்றித்தான் காப்பாற்றினேன். இன்றும் அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை.

பதில் 2:
செக்கருக்குள் தொட்டித் தண்ணீரையா ஊற்றியிருக்கிறீர்கள்? கேஹெச் (கார்பனேட் கடினத்தன்மை) 4 உள்ள கரைசல்தான் ஊற்ற வேண்டும். அப்போதுதான் பச்சை என்றால் கேஸ் சுமார் 30 பிபிஎம் (பத்து லட்சத்தில் 30 பங்கு) என்று நம்பலாம். அப்புறம், பாசி மூடிய பழைய இலைகளைக் காம்போடு வெட்டிவிடுங்கள், அவை தேறாது. கேஸைச் சிறு குமிழிகளாகத் தண்ணீரில் விடும் டிஃப்யூசரின் பீங்கான் வட்டையும் கழுவுங்கள்; அடைத்திருந்தால் குமிழி பெரிதாகி, கரையாமல் மேலே போய்விடும்.

கேட்டவர், மூன்று வாரம் கழித்து:
தொட்டித் தண்ணீரைத்தான் ஊற்றியிருந்தேன்! கரைசலை மாற்றிவிட்டேன், வால்வுக்குத் தனி டைமரும் போட்டாயிற்று. குமிழி அதே ஒன்றுதான், ஆனால் விளக்கு எரியும்போதே பச்சை. மிச்சமிருந்த பாசி இளஞ்சிவப்பாகிவிட்டது, செத்துவிட்டது போலிருக்கிறது. நடுவில் இரண்டு புது இலைகள் சுருள் விரிகின்றன. ஓரம் சுத்தமாக, கண்ணாடி போலப் பளபளக்கிறது. இருவருக்கும் மிக்க நன்றி.