செக்கு எண்ணெய் வெப்சைட்: ஆளுங்க வர்றாங்க, கார்ட்ல போடறாங்க, அப்புறம் காணோம். என்ன பண்ணலாம்?

காங்கேயம்_செக்கு:

வணக்கங்க எல்லாருக்கும். காங்கேயம் பக்கத்துல எங்களுக்கு மரச்செக்கு இருக்குதுங்க, கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூணும் ஆட்டறோம். உள்ளூர் யாவாரத்துக்கு ஒரு குறையும் இல்ல. சென்னை, பெங்களூர்ல இருந்து கூரியர்ல கேக்கறவங்க ஜாஸ்தி ஆனதால போன வருசம் ஒருத்தர்கிட்ட காசு குடுத்து வெப்சைட் போட்டோம். பாக்க பளபளன்னு தானுங்க இருக்குது, மேல அஞ்சு படம் தானா மாறிட்டே இருக்கும், உள்ள போனதும் ஒரு பெட்டி வந்து ஈமெயில் கேக்கும், கீழ "எங்கள் நோக்கம்", "எங்கள் பார்வை" எல்லாம் இருக்குது.

இன்ஸ்டால விளம்பரம் போட்டா ஆளுங்க வர்றது அனலிடிக்ஸ்ல (சைட்டுக்கு யாரு வர்றாங்கன்னு காட்டற கணக்கு) தெரியுது, கார்ட்ல கூட போடறாங்க, ஆனா காசு கட்டற எடத்துக்கு வந்ததும் போயிடறாங்க. இப்பவும் ஆர்டர் பூரா ஃபோன்ல பேசறவங்க தான், அதுவும் தெரிஞ்சவங்க. வெப்சைட் பண்ணவர்கிட்ட கேட்டா கலர் தீம் மாத்தலாம், பாட்டில் த்ரீடில சுத்தற மாதிரி பண்ணலாம்னு புதுசா ஒரு கொட்டேஷன் அனுப்பிட்டாரு. தொகை கொஞ்சம் பெருசு. அதுக்கு செலவு பண்றதுல பிரயோஜனம் இருக்குதுங்களா, இல்ல வேற எதாச்சும் செய்யணுமா? லிங்க் ப்ரொஃபைல்ல இருக்குது, பாத்துட்டு மனசுல பட்டத சொல்லுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

---

பெங்களூர்_பொண்டாட்டி:

அண்ணா நான் வெப்சைட் எல்லாம் பண்ற ஆள் இல்ல, வாங்கற ஆள். வீட்ல மாமியார் செக்கு நல்லெண்ணெய் தவிர வேற தொட மாட்டாங்க, அதனால இந்த மாதிரி சைட் நிறைய பாத்திருக்கேன். உங்க சைட்ட ஃபோன்ல தான் ஓபன் பண்ணேன், என்ன நடந்துச்சுன்னு அப்படியே சொல்றேன்.

முதல்ல வெள்ளையா நின்னுச்சு. அப்புறம் ஒரு படம் வந்துச்சு, கண்ணாடி குடுவைல எண்ணெய், பக்கத்துல பச்சை இலையோட காய். அண்ணா அது ஆலிவ்! கடலை எண்ணெய் விக்கிற எடத்துல ஆலிவ் காய் என்ன பண்ணுது? அத பாத்ததும் இது நிஜமாவே செக்கு வச்சிருக்கவங்க சைட்டா, இல்ல எங்கயோ டேங்கர்ல வாங்கி பாட்டில்ல ஊத்தி விக்கிறவங்களான்னு தான் முதல்ல தோணுச்சு. நீங்க செக்கு வச்சிருக்கீங்க, மாடு இல்லாட்டி மோட்டார், வாகை மரமோ என்னமோ, அது ஒரு படம் கூட அங்க இல்ல. இன்ஸ்டால மட்டும் கடலைப் பருப்ப கொட்டி ஆட்டற வீடியோ இருக்கு, அத பாத்து தான் நானே லிங்க்குக்குள்ள போனேன். அத விட்டுட்டு சைட்ல வெள்ளைக்காரங்க சாலட் சாப்பிடற போட்டோ வச்சிருக்கீங்க.

அடுத்து அந்த ஈமெயில் பெட்டி. மூடறதுக்கான பெருக்கல் குறி ஃபோன்ல கைக்கு சிக்கவே இல்ல. எங்கம்மாவா இருந்தா அங்கயே ஃபோன கீழ வச்சிருப்பாங்க.

சரின்னு ஒரு லிட்டர் நல்லெண்ணெய் கார்ட்ல போட்டேன். லாகின் பண்ணுன்னு சொல்லுது, பாஸ்வேர்ட் வைக்க சொல்லுது, அட்ரஸ் பூரா டைப் பண்ணதுக்கு அப்புறம் கடைசில தான் கூரியர் சார்ஜ் காட்டுது, எண்ணெய் விலைல கிட்டத்தட்ட பாதி! அங்க தான் நானும் வெளிய வந்தேன், நீங்க சொல்ற அந்த காணாம போனவங்க லிஸ்ட்ல இப்ப நானும் ஒருத்தி. கூரியர் செலவு ஆகும்னு எனக்கும் தெரியும்ணா, அத முன்னாடியே சொல்லிருந்தா அஞ்சு லிட்டரா போட்டிருப்பேன். கடைசில சொன்னா தான் ஏமாத்தற மாதிரி இருக்கு.

---

உடன்குடி_கருப்பட்டி:

தங்கச்சி சொன்னது அத்தனையும் சரி அண்ணாச்சி. நானும் கூரியர்ல தான் யாவாரம் பாக்கேன், கருப்பட்டியும் சில்லுக்கருப்பட்டியும். அந்த கூரியர் விசயத்த மட்டும் கொஞ்சம் விரிவா சொல்லுதேன்.

ஒரு லிட்டர் எண்ணெய் வெறும் எடையே தொள்ளாயிரம் கிராமுக்கு மேல, பாட்டில் அட்டைப்பெட்டி எல்லாம் சேத்தா ஒண்ணே கால் கிலோ வந்துரும். கூரியர்காரன் பெரும்பாலும் அரை கிலோ கணக்குல தான் ஏத்துவான், அப்ப ஒன்றரைக்கு காசு. அதோட முடியல, பெட்டியோட நீளம் அகலம் உயரம் சென்டிமீட்டர்ல பெருக்கி 5000ஆல வகுத்து வாற எடை நிஜ எடைய விட கூட இருந்தா அதுக்கு தான் பில்லு போடுவான். 30க்கு 25க்கு 20ன்னு ஒரு பெட்டி எடுத்தீங்கன்னா உள்ள ஒரே ஒரு பாட்டில் இருந்தாலும் மூணு கிலோ கணக்கு. கையில கெடைச்ச பெட்டில எல்லாம் போட்டு அனுப்புனா இப்படி தான் சார்ஜ் எகிறும். பெட்டிய முதல்ல அளவா அடிச்சு வாங்குங்க. அஞ்சு லிட்டர் டின்னுக்கு ஒண்ணு, மூணு எண்ணெய்யும் ஒவ்வொரு லிட்டர் வச்ச காம்போவுக்கு ஒண்ணு, அது போதும். ஒத்த லிட்டர தனியா காட்டுனா யாருக்கும் கட்டுப்படி ஆகாது, கடைசில தள்ளி வைங்க.

அப்புறம் பின்கோட் போடுத பெட்டி அந்த பொருள் பக்கத்துலயே இருக்கணும். பின்கோட் போட்ட ஒடனே "இத்தனை ரூபா, இத்தனை நாள்ல வரும்"னு தெரிஞ்சிரணும். இல்ல இத்தனை ரூபாய்க்கு மேல கூரியர் ஃப்ரீன்னு வச்சிட்டு அதுக்கு ஏத்த மாதிரி காம்போ விலைய போட்டுக்கிடுங்க. நான் ரெண்டாவது வழில தான் போறேன், கணக்கு பாக்க லேசு.

சிஓடி, அதாவது பொருள் கைக்கு வந்தப்புறம் காசு, குடுக்கீங்களான்னு எல்லாரும் கேப்பாங்க. நான் குடுக்கல. கருப்பட்டி திரும்பி வந்தா ஒடைஞ்சு தான் வரும், எண்ணெய் திரும்பி வந்தா ஒழுகிட்டு வரும், போக வர ரெண்டு கூரியரும் நம்ம தலைல.

---

பிக்சல்_பித்தன்:

நான் இந்த வேலை தான் பாக்கறேன், பெரும்பாலும் சின்ன கடைங்களுக்கு. முதல் விசயம், அந்த த்ரீடி பாட்டில் கொட்டேஷன கிழிச்சு போடுங்க ப்ரோ. ஏற்கனவே வெயிட்டா இருக்கற சைட்டுக்கு மேல இன்னொரு பாறாங்கல் அது.

உங்க சைட்ட பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸ்ல போட்டு பாத்தேன், கூகுளோட ஃப்ரீ டூல், அட்ரஸ் போட்டா போதும், நீங்களே பாக்கலாம். மேல இருக்கற பெரிய படம் மொபைல்ல முழுசா தெரிய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு எல்சிபின்னு ஒரு அளவு வரும், ரெண்டரை செகண்டுக்குள்ள இருந்தா பச்சை, நாலுக்கு மேல போனா சிவப்பு. உங்களுது நல்ல சிவப்பு. காரணம் அந்த அஞ்சு படமும் கேமராவுல எடுத்த சைஸ்லயே ஏத்திருக்காங்க, ஒவ்வொண்ணும் பல எம்பி. ஃபோன் ஸ்க்ரீனுக்கு ஆயிரத்து சொச்சம் பிக்சல் அகலம் போதும், வெப்பி ஃபார்மட்ல சேவ் பண்ணா நூத்தி சொச்சம் கேபில முடிஞ்சிடும், கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. தானா மாறற அந்த ஸ்லைடரே வேணாம்ங்கறது என் அபிப்பிராயம், ரெண்டாவது படம் வர்ற வரைக்கும் யாரும் உக்காந்து பாக்கறதில்ல. செக்கு ஓடற ஒரே ஒரு நிஜப் படம், கீழ மூணு எண்ணெய், விலை, வாங்கற பட்டன். அவ்ளோ தான் முதல் ஸ்க்ரீன்.

தமிழ் எழுத்த பத்தி கட்டாயம் சொல்லணும், ஏன்னா இத யாருமே கவனிக்கறதில்ல. உங்க டிசைனர் இங்கிலீஷ் டெம்ப்ளேட்ட எடுத்து அதுல தமிழ ஊத்திருக்காரு. இங்கிலீஷுக்கு வச்ச வரி இடைவெளில தமிழ் போட்டா மேல புள்ளியும் கி, கீ வளைவும் கீழ கூ, மூ வாலும் வெட்டுப்படும், உங்க தலைப்புல "தூய்மை"ங்கற வார்த்தைல தூவோட வால் அடுத்த வரில இடிக்குது பாருங்க. லைன் ஹைட்ட, அதாவது அந்த வரி இடைவெளிய, 1.6 கிட்ட வைங்க, நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் மாதிரி ஃபான்ட் எதாவது ஒண்ணு எடுத்துக்கோங்க, ரெண்டும் ஃப்ரீ தான். பட்டன்ல "இப்போதே வாங்குங்கள்"னு எழுதி அது ஃபோன்ல ரெண்டு வரியா ஒடஞ்சு நிக்குது, "வாங்க"ன்னு போட்டா வரவேற்கற மாதிரி ஆயிடும்னு பயந்தா "ஆர்டர் போடு"ன்னு போடுங்க, எல்லாருக்கும் புரியும். இன்னொன்னு, உங்க விலைப்பட்டியல் முழுக்க ஒரே படமா இருக்கு. படத்துக்குள்ள இருக்கறத நம்பி கூகுள் தேடல்ல மேல வர முடியாது, விலை மாறினா ஒவ்வொரு தடவையும் டிசைனர் கால்ல விழணும். எழுத்தா போடுங்க.

லாகின தூக்கிட்டு கெஸ்ட் செக்அவுட் வைங்க, அக்கவுண்ட் இல்லாமலே வாங்கற வசதி. பேரு, ஃபோன் நம்பர், அட்ரஸ், யூபிஐ, முடிஞ்சது.

அப்புறம் உங்க லிங்க்க வாட்ஸ்அப்ல அனுப்பி பாருங்க, படமே வரல, வெறும் நீல எழுத்து. லிங்க்க ஷேர் பண்ணா கூடவே தெரியற ஓபன் கிராஃப் படம்னு ஒண்ணு செட் பண்ணணும், பத்து நிமிச வேலை. குடும்ப க்ரூப்ல ஒரு சித்தி ஷேர் பண்றது தான் உங்களுக்கு பெரிய விளம்பரம், அதுல செக்கு படம் தெரியணும்ல.

---

காங்கேயம்_செக்கு:

அய்யோ ஆலிவ் காய்னு எனக்கு தெரியவே தெரியாதுங்க, ஏதோ பச்சை காய்னு விட்டுட்டேன். பெங்களூர் அக்கா நீங்க சொன்னது நல்லதா போச்சு. ஒரு சந்தேகமுங்க, மார்க்கெட்ல கிடைக்கற எண்ணெய்ய விட எங்க விலை ஜாஸ்தின்னு நிறைய பேரு கமெண்ட்ல எழுதறாங்க. அதுக்கு சைட்ல "ஆரோக்கியம்", "மாரடைப்பு வராது" அந்த மாதிரி கொஞ்சம் பெருசா போடலாம்னு வெப்சைட்காரர் சொல்றாரு. போடலாமுங்களா?

---

பேப்பர்_புலி:

வேணாம் சார், தயவு செஞ்சு அத போட்டுடாதீங்க. உணவுப் பொருள வச்சு நோய் வராது, நோய் குணமாகும்னு எழுதறது எஃப்எஸ்எஸ்ஏஐயோட (மத்திய அரசோட உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 2018 விளம்பர விதிமுறைப்படியே தப்பு, நோய் தீரும்னு ஏமாத்தற விளம்பரங்கள தடுக்க 1954ல வந்த மேஜிக் ரெமெடீஸ் சட்டமும் தனியா இருக்கு, அதுல இதய நோய், சர்க்கரை எல்லாம் லிஸ்ட்லயே இருக்கு. நோட்டீஸ் வந்தா டிசைனருக்கு வராது, உங்களுக்கு தான் வரும்.

அதுக்கு பதிலா அந்த எடத்துல உங்க 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் இல்ல பதிவு நம்பர போடுங்க, தேடி பாத்தேன் எங்கயும் இல்ல. 2020 ஈகாமர்ஸ் விதிகள்படி நிறுவனத்தோட பேரு, முழு முகவரி, ஃபோன், குறைதீர்க்கற ஆள் யாருன்னு காட்டணும், ரீஃபண்ட் விவரமும் இருக்கணும். பேக் பண்ண பொருளுக்கு நிகர அளவு, எம்ஆர்பி எல்லாம் சைட்லயே தெரியணும். உங்க சைட்ல "தொடர்புக்கு" பக்கத்துல வெறும் ஒரு ஃபார்ம் தான் இருக்கு, ஊர் பேரு கூட இல்ல! காங்கேயம்னு சொன்னாலே பாதி பேருக்கு எண்ணெய்யும் அரிசியும் ஞாபகத்துக்கு வரும், அத போய் மறைச்சு வச்சிருக்கீங்களே.

---

பெங்களூர்_பொண்டாட்டி:

விலை விசயத்துக்கு நான் சொல்றேன்ணா. ஒரு லிட்டர் கடலை எண்ணெய் எடுக்க எத்தனை கிலோ பருப்பு போடறீங்க?

---

காங்கேயம்_செக்கு:

பருப்ப பொறுத்து ரெண்டே கால்ல இருந்து ரெண்டரை கிலோ ஆகுமுங்க. புண்ணாக்கு வித்த காசு கொஞ்சம் திரும்ப வரும், இருந்தாலும் பருப்பு விலை, ஆட்டுகூலி, பாட்டில்னு கூட்டி பாத்தா நீங்களே சொல்லுவீங்க.

---

பெங்களூர்_பொண்டாட்டி:

இத தான்ணா சைட்ல போடணும்! இன்னைக்கு பருப்பு கிலோ என்ன விலை, எத்தனை கிலோ போகுது, மொத்தம் எவ்ளோன்னு நாலு வரி. அத படிச்சா யாரும் ஏன் இவ்ளோ விலைன்னு கேக்க மாட்டாங்க, சொல்லப்போனா கடைல அத விட கம்மியா விக்கிறவன் எப்படி விக்கிறான்னு தான் யோசிப்பாங்க. நல்லெண்ணெய்ல கருப்பட்டி போட்டு ஆட்டறீங்களா, இல்ல வெல்லமா, அதுவும் எழுதுங்க, மாமியார் முதல்ல கேக்கறதே அது தான்.

அப்புறம் தேங்காய் எண்ணெய் டிசம்பர்ல இங்க வந்து சேரும்போது கட்டியா உறஞ்சு கெடக்கும், புதுசா வாங்கறவங்க கலப்படம்னு நெனச்சு ஒத்த ஸ்டார் குடுத்துட்டு போயிடுவாங்க. 24 டிகிரிக்கு கீழ போனா உறையும், வெயில்ல வச்சா உருகிடும், கடலை எண்ணெய் அடில கசடு நிக்கறது சகஜம்னு அந்தந்த எண்ணெய்க்கு கீழயே எழுதிடுங்க.

---

சும்மா_சொல்றேன்:

எல்லாரும் சொல்றது சரிதான், ஆனா எதுக்குய்யா வெப்சைட்டு? மாசத்துக்கு நூறு ஆர்டர் கூட தாண்டாத கடைக்கு வாட்ஸ்அப் பிஸினஸ் கேட்டலாக்கும் கூகுள் மேப்ல ஒரு ப்ரொஃபைலும் போதாதா? ரெண்டும் ஃப்ரீ. ஹோஸ்டிங், டொமைன், ப்ளகின் ரினியூவல்னு வருசா வருசம் தண்டம் அழணும்.

---

பிக்சல்_பித்தன்:

தெரிஞ்சவங்களுக்கு விக்கறதுக்கு அது போதும் சகோ. அவரு விளம்பரம் போட்டு தெரியாதவங்கள கூப்பிடறாரு, அவங்க ராத்திரி பதினொரு மணிக்கு பாப்பாங்க, விலைக்காக "ஹாய்" போட்டு காலைல வரைக்கும் காத்திருக்க மாட்டாங்க. ஆனா கூகுள் ப்ரொஃபைல் கண்டிப்பா வேணும், கடைக்கு வர்ற உள்ளூர்க்காரங்கள ரிவ்யூ போட சொல்லுங்க ப்ரோ. சைட்லயும் வாட்ஸ்அப் பட்டன் வைங்க, அத தொட்டா "கடலை எண்ணெய் 5 லிட்டர் வேணும்"னு மெசேஜ் தானா டைப் ஆகி நிக்கற மாதிரி லிங்க் பண்ணலாம், நம்பரையும் மெசேஜையும் லிங்க்லயே சேத்துடலாம், தனியா எந்த ஆப்பும் வேணாம்.

---

காங்கேயம்_செக்கு:

ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். கொட்டேஷன வேணாம்னு சொல்லிட்டேன், படத்த சின்னதாக்கறது, லாகின் எடுக்கறது, பின்கோட் பெட்டி, இது மூணுக்கு மட்டும் எவ்ளோ ஆகும்னு கேட்டிருக்கேன். பருப்பு கணக்க நானே எழுதிடறேன். போட்டோவுக்கு கேமராமேன் கூப்பிடணுமுங்களா, இல்ல ஃபோன்ல எடுத்தா போதுமா? செக்கு இருக்கற கொட்டாய் கொஞ்சம் இருட்டு, எண்ணெய் பிசுக்கு வேற.

---

பிக்சல்_பித்தன்:

ஃபோன் போதும். காலைல எட்டு ஒம்போது மணிக்கு கதவு ரெண்டையும் தொறந்து வச்சு, வெளிச்சம் பக்கவாட்டுல விழற மாதிரி நின்னு எடுங்க, ஃப்ளாஷ் போடாதீங்க. லென்ஸ மட்டும் எண்ணெய் கையால தொடாம தொடச்சிடுங்க. பிசுக்கு இருந்தா இருக்கட்டும், தரைய மட்டும் கூட்டி வைங்க.

---

உடன்குடி_கருப்பட்டி:

டின்னு பெட்டி அடிக்கது எங்கன்னு கேட்டு வைங்க அண்ணாச்சி, கெடைக்கலன்னா எனக்கு மெசேஜ் போடுங்க, நான் வாங்குத எடம் சொல்லுதேன். ஐநூறு பெட்டிக்கு கீழ அடிச்சு தர மாட்டான், அத மட்டும் மனசுல வச்சுக்கிடுங்க.