சிலம்பா மேகலையா, எதுல பொண்ணுங்களுக்கு இடம் அதிகம்?

வைகைக்கரை:
சிலப்பதிகாரம் முடிச்சுட்டு இப்ப மணிமேகலை பாதியில இருக்கேன். கதை தொடர்ச்சிதான், ஆனா பொண்ணுங்க நிலைமை ரெண்டுலயும் வேற வேறயா தெரியுது. சிலம்போட முதல் பகுதியான புகார்க் காண்டத்துல கண்ணகி வாய் திறக்கறதே அபூர்வம், காமவேளைக் கும்பிட்டா புருஷன் திரும்புவான்னு தோழி தேவந்தி சொல்றப்ப "பீடன்று" (அது பெருமையில்ல), புருஷன் கோவலன் வந்து நின்னதும் "சிலம்புள கொண்ம்" (சிலம்பு இருக்கு, எடுத்துக்கோங்க), இப்படிச் சில இடம்தான். மணிமேகலை என்னடான்னா இளவரசன் உதயகுமரன் பின்னாலயே அலைஞ்சும் பிடிகொடுக்காம, அள்ள அள்ளச் சோறு குறையாத அமுதசுரபிப் பாத்திரத்தோட ஊரைச் சுத்தி வர்றா. மணிமேகலை எழுதின சாத்தனார், சிலம்பு எழுதின இளங்கோவைவிட ஒரு படி முன்னாடி போயிட்டாரா?

கொற்கைமுத்து:
எனக்கு அப்படித் தோணல. ஒரு வணிகர் வீட்டுப் பொண்ணு, தெரிஞ்சவங்க யாருமில்லாத ஊர்ல, ராஜாவை நேருக்கு நேர் "தேரா மன்னா"ன்னு கூப்பிட்டு, சிலம்பை உடைச்சு மாணிக்கத்தைக் காட்டி, அவனையே "யானோ அரசன் யானே கள்வன்"னு சொல்ல வைக்கிறா, இதுக்கு மேல என்ன வேணும்? மதுரைக்குக் கூடவே வர்ற சமணத் துறவி கவுந்தியடிகளையும் பாருங்க, வழி நெடுக முடிவெடுக்கறது அவங்கதான். ஆனா அதே நூல்ல, கோவலன் சேர்ந்துக்கற ஆடல் கணிகை மாதவியோட மாலைக்கு 1008 கழஞ்சு பொன்னுன்னு விலை, மாலையை வாங்கினவன்கூட அவ போகணும். இளங்கோ ரெண்டையும் மறைக்காம காட்டறாரு.

நெய்தல்:
எல்லாரும் கோர்ட் சீனையே பேசறாங்க, எனக்கு அதைவிடப் பெருசாப் படறது கோவலன் கொலையாகற அத்தியாயம், கொலைக்களக் காதைதான். மதுரையில அடைக்கலம் குடுத்த மாதரி வீட்ல கோவலனுக்குச் சோறு போட்டுட்டு கண்ணகி தன் வருத்தத்தைச் சொல்றப்ப என்ன சொல்றா? "விருந்தெதிர் கோடலும் இழந்த என்னை". அதாவது புருஷன் பிரிஞ்சு போயிட்டதால வந்தவங்களுக்குச் சோறு போடற உரிமையே தனக்குப் போச்சுங்கறா. பணம் இருக்கு, வீடு இருக்கு, மனசு இருக்கு, ஆனா தனியா நின்னு அந்த அறத்தைச் செய்ய முடியாது. இப்ப மணிமேகலைக்கு வாங்க, கல்யாணமே ஆகாத பொண்ணு ஊருக்கே சோறு போடறா, காயசண்டிகைங்கற பொண்ணோட யானைத்தீயை, அதாவது தீராப் பசியை, ஆத்தறா, ராஜாகிட்ட கேட்டு சிறைக்கோட்டத்தையே (ஜெயிலையே) அறக்கோட்டம் ஆக்கறா. கண்ணகி இழந்தேன்னு சொன்னதையே சாத்தனார் எடுத்து மாதவி மக கையில குடுத்துட்டாரு. அதுலயும் மாதவி அவளை "மாபெரும் பத்தினி மகள்"னு, கண்ணகி மகளாத்தான் சொல்றா, தன் மகள்னு சொல்லல, அந்த இடம் படிக்கறப்பல்லாம் எனக்குக் கண் கலங்கும்.

கொற்கைமுத்து:
விருந்து விஷயம் சரிதான். ஆனா அந்தப் பாத்திரத்துல முதல் பிச்சை போடறது யாரு, ஆதிரை. புருஷன் சாதுவன் கணிகை வீட்ல பணத்தைத் தொலைச்சுட்டுக் கப்பலேறினவன், அவன் செத்துட்டான்னு கேட்டுத் தீயில இறங்கினவ. பத்தினிங்கற அளவுகோலை சாத்தனாரும் கீழ வைக்கல.

நெய்தல்:
ஒத்துக்கறேன். துறவியானா மட்டும்தான் விடுதலைங்கறதும் இடிக்குது. இன்னொண்ணு, சேரர் தலைநகர் வஞ்சியில சமயவாதிங்ககிட்ட கேள்வி கேக்க மணிமேகலை ஆம்பளத் துறவி வேஷத்துலதான் போகணும். மணிமேகலா தெய்வம் முன்னாடியே சொல்லிடுது, "இளையள் வளையோள் என்றுனக்கு யாவரும் விளைபொருள் உரையார்". நீ சின்னவ, வளையல் போட்டவ, உனக்கு யாரும் விஷயத்தைச் சொல்லமாட்டாங்கன்னு. சாத்தனாருக்கு ஊர் எப்படின்னு நல்லாவே தெரிஞ்சிருக்கு. வைகைக்கரை, நீங்க 27-ஆம் காதைக்கு வந்ததும் எழுதுங்க, அதைப் பத்தித் தனியாப் பேசணும்.