மறு: ஊசியில்லாத் தடுப்பூசிக்கு என்ன பெயர்?

அன்புள்ள சொல்லாக்கக் குழுமத்தாருக்கு,

ரோட்டா வைரஸ் வயிற்றுப்போக்குக்கான வாய்வழித் தடுப்பூசி ஆய்வொன்றில் சேரும் தாய்மாருக்குப் படித்துக் காட்டவேண்டிய தகவல் தாளை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் நெறிமுறைக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். சென்ற வாரம் களப்பணியாளர் ‘வாய்வழித் தடுப்பூசி’ என்று படித்தபோது, ஆறு வாரக் குழந்தையை மடியில் கிடத்தியிருந்த பெண் ஒருவர், “வாயிலயா குத்துவீங்க?” என்று கேட்டு, முந்தானையால் பிள்ளையின் முகத்தை மூடிக்கொண்டார். கொடுப்பதோ ஐந்து சொட்டு. ‘சொட்டு மருந்து’ என்று மாற்றிச் சொன்னதும், “அதான் பொறந்தன்னைக்கே போட்டாச்சே” என்றார். அந்தப் பெயரைப் போலியோ எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது. அதே நாளில் போலியோவுக்கு இரண்டு சொட்டும், கையிலும் தொடையிலும் ஊசிகளும் உண்டு என்பதால் எது எதற்கு என்று தாய்க்குத் தெளிவாகத் தெரியவேண்டும். ஒரு சொல் தாருங்கள்.

– வேலூர் மொழிபெயர்ப்பாளர்

---

அன்புடையீர்,

வேரிலிருந்து தொடங்குவோம். இலத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. 1796இல் ஜென்னர் மாட்டம்மைக் கொப்புளத்து நீரை எடுத்துக் குத்தியதால் வந்த பெயர் வாக்சின். நம் முன்னோர் அதை ‘அம்மைப்பால்’ என்றும், செயலை ‘அம்மை குத்துதல்’ என்றும் அழகாகச் சொன்னார்கள். ஓரெழுத்தொரு மொழியாகிய ‘ஆ’ நம்மிடம் இருக்க, ‘ஆக்காப்பு’ என்று ஆள்வதற்கு என்ன தடை? ரோட்டா என்பது சக்கரம். 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் குழந்தைகளின் குடல் திசுவில் மின்னணு நுண்ணோக்கி வழியே கண்ட இந்த நுண்மி சக்கர வடிவில் இருந்ததால் பின்னர் அப்பெயர் பெற்றது. அதற்கு ‘நேமி’ இருக்கிறது, ‘திகிரி’ இருக்கிறது, ‘ஆழி’யும் இருக்கிறது. ஆழி கடலையும் குறிக்குமாதலால் நேமியே சிறக்கும். ஆகவே ‘நேமி ஆக்காப்பு’.

– ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்

---

ஐயா அவர்களுக்கு வணக்கம்.

‘ஆக்காப்பு’ என்று எழுதினால் தாய்மார் கால்நடை மருந்தகத்துக்குப் போய் நிற்பார்கள். எனக்கோ அச்சொல்லைக் கேட்டதும் ஆவின் பால் பாக்கெட் நினைவுக்கு வருகிறது, பொறுத்தருள்க.

‘தடுப்பூசி’யை விட்டுவிட வேண்டிய தேவையும் எனக்குத் தெரியவில்லை. எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெயில் எவரும் எள்ளைத் தேடுவதில்லை. காரணப்பெயராகப் பிறந்தது வழக்கில் இடுகுறிபோல ஆகிவிடுவது மொழிக்குப் புதிதன்று.

நான் கவலைப்படுவது சொல்லின் முற்பகுதியைப் பற்றி. எய்ம்ஸில் பிறந்த குழந்தைகளிடமிருந்து எடுத்த 116இ என்ற வைரஸ் வகையைக் கொண்டு செய்த ரோட்டாவாக் என்ற வாய்வழித் தடுப்பூசி, டெல்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம் சோதிக்கப்பட்டபோது, முதலாண்டில் கடுமையான ரோட்டா வயிற்றுப்போக்கை ஏறத்தாழ 56 விழுக்காடு குறைத்தது. வசதியான நாடுகளில் இத்தகைய வாய்வழித் தடுப்பூசிகள் 85 விழுக்காட்டுக்கும் மேல் பயன் தருகின்றன. நெருக்கடியான குடியிருப்புகளில் குழந்தையின் குடல் ஓயாமல் கிருமிகளைச் சந்தித்துப் புண்பட்டிருப்பது, தாயின் எதிர்ப்புப் பொருள்கள், ஊட்டக்குறைவு, உடன் தரும் போலியோ சொட்டு என, இங்கே பயன் குறைவதற்குக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. பாதிக்குச் சற்று மேல் காப்பதை ‘தடுப்பு’ என்று சொன்னால், பிறகு பேதியாகும் பிள்ளையின் தாய் நம்மைப் பொய்யர் என்பார். அதுதான் என் அச்சம்.

– குழந்தை மருத்துவர், மதுரை

---

மருத்துவர் ஐயாவின் எண்ணெய் உவமை இங்கே பொருந்தாது. எள் அச்சொல்லில் கரைந்து மறைந்துவிட்டது. தடுப்பூசியில் ஊசி கேட்கிறது, செவிலியின் கையிலும் தெரிகிறது. வழக்கில் தேய்ந்த சொல்லைத்தான் இடுகுறியாகக் கொள்ளலாம், இன்னும் குத்துகிற சொல்லை அன்று. ‘காப்பு’ என்று வைத்தாலோ, எங்கள் பக்கத்தில் அம்மன் கொடைக்கு மணிக்கட்டில் கட்டும் கயிறா என்று கேட்பார்கள்.

வினையிலிருந்து தேடிப் பார்க்கலாம். ஊசியைப் போடுகிறோம், யாழ்ப்பாணத்து நண்பர்கள் ஏற்றுகிறார்கள், ஆனால் கைக்குழந்தைக்குச் சங்கில் பாலையும் வசம்பு உரைத்த மருந்தையும் புகட்டுகிறோம். ‘புகட்டு மருந்து’ என்பது வினைத்தொகை, முக்காலத்துக்கும் பொருந்தும். மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்தை ஊற்றுவதையும் ஊரில் புகட்டுதல் என்றே சொல்வர் என்பதால், தஞ்சை ஐயாவின் பசுவும் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிடுகிறது.

– பள்ளி ஆசிரியை, திருநெல்வேலி

---

நண்பர்களே,

‘புகட்டு மருந்து’ எனக்கு மிகவும் பிடித்திருந்தது. களப்பணியாளர்கள் நால்வரிடம் சொல்லிப் பார்த்ததில் இருவர், “அறிவு புகட்டுறதா?” என்றார்கள், ஒருவர் அது வற்புறுத்தி வாயைத் திறந்து ஊற்றுவதுபோல் ஒலிக்கிறது என்றார். தாமாக முன்வந்து சேரும் ஆய்வின் ஒப்புதல் தாளில் அந்த ஒலி ஆகாது. எனவே ‘ரோட்டா சொட்டு மருந்து’ என்றும், அதை அடுத்து “இது ஊசி அன்று, போலியோ சொட்டு மருந்தும் அன்று, குழந்தையின் வாயில் ஐந்து சொட்டு விடப்படும்” என்றும் எழுதி அனுப்பிவிட்டேன். மருத்துவர் சொன்னதற்காக, “இதைப் பெற்ற குழந்தைக்கும் வயிற்றுப்போக்கு வரலாம், ஆனால் அது கடுமையாகும் வாய்ப்பு குறையும்” என்ற வரியும் சேர்ந்தது. பதின்மரில் அறுவர் இசைந்தீர்கள், நன்றி.

– வேலூர்

---

இசையாத நால்வரில் நானும் ஒருவன் என்பதைப் பதிந்துவிடுகிறேன். சொற்கோவைக்கு இது உதவாது. காலராவுக்கு வாய்வழி மருந்து உண்டு. டைபாய்டுக்கு ஊசியும் உண்டு, வாய்வழியாகவும் உண்டு. ரோட்டாவுக்கே ஊசியாகச் செலுத்தும் ஒன்று ஆப்பிரிக்காவில் சோதிக்கப்பட்டிருக்கிறது. நாளை அதுபோல் ஒன்று வேலூருக்கு வந்தால், ‘ரோட்டா சொட்டு மருந்து ஊசி’ என்று எழுதுவீர்களா? நேமியைப் பற்றி எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

– தஞ்சாவூர்