தறி நின்ற நேரத்தில் கேட்ட விமானம்

எங்கள் ஊர் பல்லடம் பக்கம். திரும்பிய திசையெல்லாம் விசைத்தறிக் கூடம். சிற்றலை வானொலி கேட்பவனுக்கு இதைவிடப் பாவப்பட்ட ஊர் கிடையாது. அத்தனை மோட்டார்களின் இரைச்சலும் ஒலிபெருக்கியில் வந்து கொட்டும். மின்தடை என்றால் ஊரில் மகிழ்கிற ஒரே ஆள் நான்தான்.

அன்று மாலை ஐந்துக்கு வரவேண்டிய மின்சாரம் ஆறரை ஆகியும் வரவில்லை. கிணற்று மேட்டுத் தென்னைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் இடையே கட்டிய கம்பியில் பேட்டரி வானொலியை மாட்டி 8879 கிலோஹெர்ட்ஸில் வைத்தேன். முதலில் வாத்து கத்துவதுபோல் இருந்தது. விமானிகள் சிற்றலையில் பேசும் முறையான ஒற்றைப் பக்கப்பட்டைக்கு (எஸ்எஸ்பி) மாற்றிக் குமிழை மயிரிழை நகர்த்தியதும் மனிதக் குரலானது. அரபிக்கடலுக்கு மேலிருந்து ஒரு விமானி மும்பை வான்போக்குவரத்து வானொலி நிலையத்தை அழைத்துக்கொண்டிருந்தார்.

அப்புச்சி கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி வானத்தைக் காட்டினார். வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டு ஒரு விமானம். “அதுவா சாமி பேசுகிறது?”

“இல்லைங்க அப்புச்சி, இது கடலுக்கு மேலே போவது. தலைக்கு மேலே போவது இதில் கேட்காது.”

கடைக்காரன் என்னை ஏமாற்றிவிட்டான் என்பதுபோல் பார்த்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. நிலத்துக்கு மேல் பறப்பவர்கள் பேசுவது விஎச்எஃப் என்னும் மிக உயர் அலைவரிசையில். அது நேர்கோட்டில்தான் போகும். 35,000 அடி உயரத்திலிருந்தும் ஏறத்தாழ 400 கி.மீ.தான் எட்டும். நடுக்கடலில் அது உதவாது. அங்கே சிற்றலை மேலே போய், சில நூறு கி.மீ. உயரத்தில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கான அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து, மும்பைக்கும் இறங்குகிறது, எங்கள் தென்னைக்கும் இறங்குகிறது.

விமானம் இவ்வளவு வேகத்தில் போனால் ரயில் ஊதல்போலக் குரலின் சுதி மாறாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 900 கி.மீ. என்றால் வினாடிக்கு 250 மீட்டர். இந்த அலைவரிசையில் வெறும் 7 ஹெர்ட்ஸ் மாற்றம். என் கை நடுக்கமே அதைவிட அதிகம்.

இருட்ட இருட்டக் குரல் அமிழ்ந்தது. மும்பை அவரை 5634-க்கு மாறச் சொன்னது. அயனி மண்டலத்தின் அடியில் இருந்துகொண்டு பகலில் கீழ் அலைவரிசைகளை விழுங்கும் டி அடுக்கு பொழுது சாய்ந்ததும் கரைந்துவிடும். மேலே அலையைத் திருப்பி அனுப்பும் எஃப் அடுக்கும் மெலிந்து, உயர்ந்த அலைவரிசைகளைத் திருப்பி அனுப்பும் வலுவை இழக்கும். சூரியன் இறங்கினால் அலைவரிசையும் இறங்க வேண்டும்.

நானும் 5634-க்குப் போனேன். அவர் மும்பையை ஒருமுறை அழைத்தார். பதில் வருவதற்குள் மின்சாரம் வந்துவிட்டது. பக்கத்துக் கூடத்தில் தறிகள் ஓடத் தொடங்கின.