இந்த ரோட்ஜர்ஸ் பேனாக்கத்தி எந்தக் காலத்தது?

வணக்கம். போன ஞாயிறு ஷெஃபீல்டில் ஒரு பழைய சாமான் சந்தையில் பன்னிரண்டு பவுண்டுக்கு ஒரு மடக்குக்கத்தி வாங்கினேன், கொம்புக் கைப்பிடி, இரண்டு அலகு. விற்றவர் விக்டோரியா காலத்தது என்று அடித்துச் சொன்னார், சந்தையில் எல்லாமே விக்டோரியா காலத்ததுதானே!

பெரிய அலகின் அடியில் நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் தெளிவாக இருப்பதால் ஷெஃபீல்டின் பழைய கத்தி நிறுவனமான ஜோசப் ரோட்ஜர்ஸ் செய்தது என்பதில் சந்தேகமில்லை. சிக்கல் அதற்கு மேலே, கிரீடத்துக்கு இடப்பக்க எழுத்து துருவில் தேய்ந்துபோய் வலப்பக்க 'ஆர்' மட்டும் தெரிகிறது. இந்த எழுத்துகள் அப்போதைய அரசரின் பெயரைக் குறிப்பவை; தேய்ந்தது 'வி' (விக்டோரியா) என்றால் 1901க்கு முன், 'ஜி' (ஜார்ஜ்) என்றால் பெரும்பாலும் 1910க்குப் பின். 'இங்கிலாந்து' என்ற முத்திரையும் இல்லை. அதை வைத்து 1891க்கு முந்தையது என்று முடிவுகட்டலாமா? இறக்குமதிப் பொருளில் செய்த நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சட்டம், அங்கே போகும் ஏற்றுமதிச் சரக்குக்குத்தானே, உள்ளூரில் விற்றதில் போடாமலும் விட்டிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. கீலில் எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்ததில் அலகு 'டக்'கென்று திறக்கிறது, ஆனால் கொம்பில் பித்தளை ஆணியைச் சுற்றி மயிரிழை விரிசல். எபாக்சிப் பசை ஊற்றலாமா, தேன்மெழுகோடு விட்டுவிடலாமா? முத்திரையை அழிக்காமல் துருவை எடுத்த அனுபவம் இருப்பவர்களும் சொல்லுங்கள், உப்புத்தாள் பக்கமே போகமாட்டேன். படம் கீழே.