லாரி டீசல் எஞ்சினின் திறனைக் கூட்டும்போது ஆயுளையும் காப்பாற்றுவது எப்படி?

கேள்வி

வணக்கம். எங்கள் டிரெய்லர் லாரியில் இருப்பது 14 லிட்டர், ஆறு சிலிண்டர் டர்போ எஞ்சின். வெட் லைனர் (வெளிப்புறத்தைக் கூலன்ட், அதாவது குளிர்விப்பு நீர், நேரடியாகத் தொடும் சிலிண்டர் உறை), மின்னணுக் கட்டுப்பாட்டு இன்ஜெக்டர்கள் (டீசலைப் பீய்ச்சும் கருவிகள்), தயாரிப்பாளர் கொடுத்த அளவு 400 குதிரைத்திறன். முழு லோடுடன் நீண்ட ஏற்றத்தில் வேகம் மிகவும் விழுந்துவிடுகிறது. விரைவில் ஓவர்ஹாலுக்காக எஞ்சினை இறக்கப் போகிறோம் என்பதால், அப்போதே பெரிய துளையுள்ள இன்ஜெக்டர்களைப் போட்டு, மென்பொருளையும் மாற்றி, 500 வரை கொண்டுபோகலாமா என்று யோசிக்கிறேன். ஆயுள் குறையக் கூடாது என்பதுதான் முதல் நிபந்தனை. எங்கிருந்து தொடங்க வேண்டும்?

மறுமொழி 1

இன்ஜெக்டரைத் தொடுவதற்கு முன்பு காற்றுப் பாதையைப் பாருங்கள். கூடுதல் டீசலை எரிக்கப் போதிய காற்று இல்லையென்றால் கரும்புகையும் சூடும்தான் மிஞ்சும். டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் இரு வாய்களையும் அடைத்து, ஏறத்தாழ 2 பார் காற்றழுத்தம் ஏற்றி, வால்வை மூடிவிட்டு, அழுத்தமானியின் முள் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று கவனியுங்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் வழியாகவே நல்ல இழுவை போய்க்கொண்டிருப்பது உண்டு.

அடுத்து, புகைவாயுவின் வெப்பத்தை அளக்கும் கருவியை டர்போவுக்கு முன்னால், சிலிண்டர்களின் புகை வந்து சேரும் மேனிஃபோல்டு குழாயிலேயே பொருத்துங்கள். புகைவாயு டர்போவின் சக்கரத்தைச் சுழற்றுவதில் தன் ஆற்றலை இழந்துவிடுவதால், டர்போவுக்குப் பின்னால் வைத்தால் முழு இழுவையில் 100 டிகிரிக்கும் மேல் குறைத்துக் காட்டக்கூடும். அலுமினியப் பிஸ்டன் உள்ள எஞ்சினில், தொடர்ந்து ஏறும்போது முன்பக்க வெப்பம் 650 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்பது பாதுகாப்பானது. உருகும் நிலைக்கு வெகு முன்பே அந்த உலோகம் வலுவிழந்துவிடும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை ஏற்கிறேன்; ஆனால் வெப்பமானியை மட்டும் நம்பி ஏமாந்துவிடக் கூடாது. டீசல் பீய்ச்சும் நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தால் புகைவாயு வெப்பம் குறைந்து எல்லாம் நலமாகத் தோன்றும். அதே வேளையில் சிலிண்டருக்குள் உச்ச அழுத்தம் ஏறி, ஹெட் கேஸ்கட்டும் (சிலிண்டர் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையே உள்ள அடைப்புத் தகடு) கனெக்டிங் ராடு பேரிங்குகளும் அந்தச் சுமையைத் தாங்க வேண்டியிருக்கும். அதைக் காட்டும் கருவி ஓட்டுநர் முன்னால் கிடையாது.

எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் ஓடும்போது திறனை எடுக்கிறீர்கள் என்பது இதைவிட முக்கியம். 500 குதிரைத்திறனை நிமிடத்துக்கு 1200 சுற்றில் எடுக்க ஏறத்தாழ 2930 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும்; 1700 சுற்றில் 2070 போதும். கிளட்ச், கியர்பாக்ஸ், ஆக்சில் எல்லாவற்றுக்கும் முறுக்குவிசையில்தான் வரம்பு உண்டு. ஆகவே கீழ்ச் சுற்றில் டீசலைக் கட்டுப்படுத்தி, மேல்ச் சுற்றில் மட்டும் கூட்டும்படி மென்பொருளை அமைக்கச் சொல்லுங்கள். ஓட்டுநரும் ஏற்றத்தில் ஒரு கியர் முன்னதாகவே குறைக்கப் பழக வேண்டும். புகைக் கட்டுப்பாட்டுச் சாதனங்களைக் கழற்றுவது பல நாடுகளில் சட்டப்படி குற்றம். அந்த யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மறுமொழி 3

ஆயுளைத் தீர்மானிப்பது ஓவர்ஹால் மேசைதான். லைனரின் மேல் விளிம்பு பிளாக்கின் தளத்தைவிட மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு உயர்ந்து நிற்க வேண்டும். தயாரிப்பாளரின் கையேடு சொல்லும் அளவோடு, லைனரை அழுத்திப் பிடித்த நிலையில், டயல் கேஜ் வைத்து ஒவ்வொரு சிலிண்டரிலும் பல இடங்களில் அளந்து ஒப்பிடுங்கள். அடுத்தடுத்த லைனர்களுக்குள் வேறுபாடு இருந்தால் எவ்வளவு நல்ல கேஸ்கட்டும் நிற்காது. பிஸ்டனின் அடிப்பக்கம் ஆயில் பீய்ச்சும் சிறு நாசில்களையும் மறந்துவிடாதீர்கள்; பிஸ்டனை இறக்கும்போது ராடு லேசாக உரசினாலும் அவை வளைந்து, ஆயில் குறி தவறி, பிஸ்டனின் தலை குளிராமல் போகும்.

வெட் லைனரின் வெளிச்சுவர் அதிரும்போது கூலன்ட்டில் நுண்குமிழிகள் உருவாகி உடைந்து, உலோகத்தை ஊசித்துளைகளாக அரிக்கின்றன. சிலிண்டர் அழுத்தம் கூடினால் அதிர்வும் கூடும். கூலன்ட்டில் சேர்க்கும் பாதுகாப்பு மருந்தின் அளவைப் பரிசோதனைத் தாளால் முறையாகச் சரிபார்த்து வாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. எங்கள் வண்டி பெரும்பாலும் 1200 சுற்றுக்குப் பக்கத்தில்தான் ஏறுகிறது. இன்ஜெக்டர் யோசனையைத் தள்ளிவைத்து, இன்டர்கூலர் சோதனையையும் வெப்பமானியையும் முதலில் முடிக்கிறேன். மாற்றத்துக்குப் பிறகு உள்ளே தேய்மானம் கூடுகிறதா என்பதை எப்படி அறிவது?

மறுமொழி 3

ஆயில் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். ஈயமும் தாமிரமும் கூடினால் பேரிங், இரும்பு கூடினால் லைனர், சிலிக்கான் கூடினால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி, சோடியம் கூடினால் கூலன்ட் கசிவு என்று முதலில் சந்தேகிக்கலாம். எஞ்சினை இறக்குவதற்கு முன்பே ஒரு மாதிரி எடுத்து வையுங்கள். ஒப்பிடுவதற்கு அது இல்லையென்றால் பின்னால் வரும் எண்களை வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது.