ஓவர்லாக் தையல் மெஷினின் தலை வந்து சேரவில்லை, பேக்கர்ஸ் கம்பெனி க்ளெய்மையும் மறுத்துவிட்டது. இனி என்ன செய்வது?

தங்கச்சிமடம் டைலர்:

எல்லோருக்கும் வணக்கம். பதினெட்டு வருடம் திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டினேன். அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை என்று இந்த ஜூனில் ஊரோடு திரும்பிவிட்டோம். சாமான் ஏற்றிவர திருப்பூரில் ஒரு பேக்கர்ஸ் கம்பெனியைப் பிடித்தோம், பெயர் இங்கே வேண்டாம். ஜூன் 9 புக்கிங், 11 ராத்திரி டெலிவரி. மொத்தம் 23 உருப்படி, ஒவ்வொன்றிலும் பச்சை மார்க்கரில் நம்பர் போட்டிருந்தார்கள். 17, 18 இரண்டும் வரவில்லை.

17இல் இருந்தது என் ஓவர்லாக் மெஷினின் தலை. வீட்டிலேயே நைட்டி, உள்பாவாடை தைத்துப் பிழைத்துக்கொள்ளலாம் என்று 24,000 ரூபாய்க்கு செகண்ட்ஹேண்டில் வாங்கியது. மேசை வந்துவிட்டது, மோட்டார் வந்துவிட்டது, தலையைக் காணோம். பழைய போர்வையில் நானே சுற்றிக் கட்டிய தலை அது, அடியில் என் பெயரின் முதல் எழுத்தைச் சிவப்பு நெயில் பாலிஷால் எழுதி வைத்திருந்தேன். 18இல் அம்மாவின் பித்தளைக் குத்துவிளக்கு, இரண்டு அண்டா, மூன்று பட்டுச்சேலை. இரண்டுக்கும் சேர்த்து 41,000 கேட்டேன்.

பெரிய லாரி எங்கள் தெருவுக்குள் வராது என்று ராமநாதபுரம் பைபாஸில் நிறுத்தி, இரண்டு குட்டியானையில் மாற்றி ஏற்றியிருக்கிறார்கள். இரண்டாவது வண்டி வரும்போது ராத்திரி பத்தரை. கரண்ட் இல்லை, கச்சான் காற்று மண்ணை வாரி மூஞ்சியில் அடிக்கிறது, டிரைவர் கிளம்ப வேண்டும் என்று அவசரப்படுத்துகிறார். செல்போன் வெளிச்சத்தில் சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். விடிந்து எண்ணிப் பார்த்ததும் எட்டு மணிக்கே சூப்பர்வைசருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன். "பாக்குறோம்மா, லாரியிலயே கிடக்கும்" என்று வாய்ஸ் அனுப்பினார். அதன் பிறகு நாலு மாதம் நாளைக்கு நாளைக்கு என்று இழுத்துவிட்டு, போன வாரம் மெயிலில் மறுத்துவிட்டார்கள்.

அவர்கள் சொல்வது: எல்லாம் சரியாக வந்தது என்று கையெழுத்து இருக்கிறது, 24 மணி நேரத்துக்குள் எழுத்தில் புகார் இல்லை, எப்படியும் 5,000க்கு மேல் பொறுப்பில்லை, கேஸ் போட்டால் திருப்பூரில்தான் போட வேண்டும். பில்லில் வாடகை 14,000, பேக்கிங் 4,500, அப்புறம் 2 லட்ச மதிப்புக்கு 3 சதவீதம் இன்சூரன்ஸ் என்று 6,000. எல்லாம் கட்டிவிட்டேன். அம்மாவை விட்டுவிட்டுத் திருப்பூருக்கு அலைய என்னால் முடியாது. விட்டுவிடச் சொல்கிறார் வீட்டுக்காரர். எனக்கு மனசு ஆறவில்லை.

பரமக்குடி லாரி ஷெட்:

தங்கச்சி, முதலில் தேதியைப் பார். இன்று நவம்பர் 2. சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் 2007இன் 16ஆவது பிரிவுப்படி, சரக்கு தொலைந்தால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். டெலிவரியிலிருந்து இல்லை, புக்கிங்கிலிருந்து. ஜூன் 9இலிருந்து எண்ணினால் டிசம்பர் 6 கடைசி. நாலு மாதம் இழுத்தவர்கள் இன்னும் ஒரு மாதம் இழுத்தால் உன் கதவு மூடிவிடும். வாட்ஸ்அப்பில் சொன்னேனே என்று இருந்துவிடாதே, காகிதத்தில் எழுதி இந்த வாரமே தபாலில் அனுப்பு. அனுப்பிய ரசீதும் அவர்களுக்குச் சேர்ந்ததற்கான ஒப்புகையும் பத்திரம்.

கையெழுத்துக்கு ரொம்பப் பயப்படாதே. இருபத்தைந்து வருடம் ஷெட்டில் புக்கிங் எழுதினேன். அந்தச் சீட்டில் "குறைவின்றிப் பெற்றுக்கொண்டேன்" என்பதை முதலிலேயே அச்சடித்து வைத்திருப்பார்கள். அதைவிட வலு சாமான் ஏற்றும்போது எழுதும் சீட்டுக்குத்தான், திருப்பூரில் அவர்கள் ஆளே எழுதிய 23 உருப்படி லிஸ்ட் உன் கையில் இருக்கிறதா? இருந்தால் 17ஐயும் 18ஐயும் வாங்கிக்கொண்டதை அவர்களே ஒத்துக்கொண்டது போல. பைபாஸில் வண்டி மாறும்போது இன்னொரு லிஸ்ட் போட்டிருக்க வேண்டும். இரண்டு குட்டியானையின் நம்பரையும் எத்தனை உருப்படி ஏற்றினார்கள் என்பதையும் நோட்டீஸிலேயே கேள். என் அனுபவத்தில் சரக்கு தொலைவது ஓடும் லாரியில் இல்லை, இப்படி மாற்றும் இடத்தில்தான். வேறு ஆளின் சாமானும் அதே லாரியில் வந்ததா என்றும் கேள், உன் பெட்டி வேறு வீட்டில் இறங்கியிருக்கலாம்.

5,000 என்ற கணக்கு அவர்களாகப் போட்டது. அதே சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிகளில், கூடுதலாக எதுவும் பேசிக்கொள்ளாதபோது கம்பெனியின் பொறுப்பு வாடகையைப் போலப் பத்து மடங்கு வரை, சொன்ன மதிப்பைத் தாண்டாமல். உன் வாடகை 14,000, பத்து மடங்கு 1,40,000. நீ கேட்பது 41,000தான். தொலைந்ததற்கு அவர்கள் கவனக்குறைவுதான் காரணம் என்று நீ நிரூபிக்க வேண்டியதும் இல்லை.

தொண்டிக்கரை:

அக்கா, நானும் இதே வேதனைப்பட்டவள். எனக்கு ஃபிரிட்ஜ் உடைந்து வந்தது. திருப்பூர் போக வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இல், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே கொடுக்கலாம் என்று இருக்கிறது. உங்களுக்கு ராமநாதபுரம். பழைய 1986 சட்டத்தில் இந்த வசதி இல்லை. திருப்பூர் நீதிமன்றம் மட்டும் என்று பில்லின் பின்னால் பொடி எழுத்தில் போட்டிருப்பது இதைத் தடுக்காது. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணமும் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும், ஆனால் அண்ணன் சொன்ன 180 நாள் நோட்டீஸ் தனி, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

முதலில் 1915க்கு போன் பண்ணுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். எனக்கு அதிலேயே கம்பெனி திரும்பக் கூப்பிட்டு 3,000 தருகிறேன் என்றது, நான் ஒத்துக்கொள்ளவில்லை. வக்கீல் இல்லாமல் நானே எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, எனக்குப் பதினான்கு மாதம் ஆனது. நாலு வாய்தாவுக்கு அவர்கள் வரவேயில்லை, ஐந்தாவதில் வந்து சமாதானம் பேசினார்கள். அலைச்சல்தான், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ராமநாதபுரம் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் வீடு திரும்பிவிடலாம்.

இன்னொன்று. மெஷின் தொழிலுக்கு வாங்கியது, நீங்கள் நுகர்வோரே இல்லை என்று ஒரு வாதம் வைப்பார்கள். சுயதொழிலில் பிழைப்புக்காக மட்டும் வாங்குவது வணிக நோக்கத்தில் சேராது என்று சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. தனி ஆளாக வீட்டில் தைக்கத்தான் வாங்கினேன் என்று புகாரில் தெளிவாக எழுதுங்கள்.

உச்சிப்புளி:

அந்த 6,000 ரூபாயை யாரும் கவனிக்கவில்லையே. இன்சூரன்ஸ் என்று வாங்கினால் எந்தக் காப்பீட்டு நிறுவனம், பாலிசி நம்பர் என்ன என்று நோட்டீஸில் கேளுங்கள், பாலிசி நகலும் கேளுங்கள். நிறைய பேர் 3 சதவீதத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறார்கள், பாலிசியே எடுப்பதில்லை. அப்படியென்றால் அந்தப் பணத்தைத் திருப்பித் தரவும் தனியாகக் கேளுங்கள்.

மதிப்பில் மட்டும் நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பட்டுச்சேலைக்குப் புது விலை போடாதீர்கள். ஒன்றில் கூட்டிச் சொன்னது தெரிந்தால் மெஷின் விலையையும் நம்ப மாட்டார்கள். செகண்ட்ஹேண்ட் கடையில் பில் இல்லையென்றால் விற்றவரிடம் தேதியோடு ஒரு கடிதம் வாங்குங்கள், ஜிபேயில் கட்டியிருந்தால் அதன் ஸ்டேட்மென்ட் போதும். காவல் நிலையத்திலும் எழுதிக் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கிவிடுங்கள். ஏற்றிச் செல்ல ஒப்படைத்த பொருளை யாராவது எடுத்திருந்தால் அது நம்பிக்கை மோசடி, புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 316ஆவது பிரிவில் வரும்.

பரமக்குடி லாரி ஷெட்:

உச்சிப்புளித் தம்பி சொன்னது சரி. அந்த வாய்ஸ் மெசேஜை அழித்துவிடாதே தங்கச்சி. விடிந்ததும் நீ சொல்லிவிட்டாய், அவரும் வரவில்லை என்பதை மறுக்கவில்லை, லாரியில் கிடக்கும் என்கிறார். 24 மணி நேரம் என்ற பேச்சு அதோடு சரி. போன் மாற்றினாலும் பழைய போனை வைத்துக்கொள்.

தங்கச்சிமடம் டைலர்:

அண்ணன், தங்கச்சி, எல்லோருக்கும் நன்றி. லிஸ்ட் இருக்கிறது, சமையல் டப்பாவோடு மடித்து வைத்திருந்தேன். 17க்கு நேரே "மெஷின் ஹெட்" என்று அவர்கள் ஆளே எழுதி, பக்கத்தில் டிக் போட்டிருக்கிறார். இன்னொன்றும் கிடைத்தது. திருப்பூரில் சாமான் ஏற்றும்போது பையன் எடுத்த போட்டோவில், லாரியின் பின்பலகைக்குப் பக்கத்தில் பச்சை எழுத்தில் 17 தெரிகிறது, பெரிதாக்கினால் போர்வையின் நீலப்பூவும் தெரிகிறது. சேலைகளை 9,000 என்று போட்டிருந்தேன், கட்டியது எல்லாம் பழையது, 4,000 ஆக்கிவிட்டேன். இப்போது 36,000, அதோடு இன்சூரன்ஸ் 6,000. விற்ற கடைக்காரரும் கடிதம் தருவதாகச் சொல்லிவிட்டார். நோட்டீஸை வீட்டுக்காரர்தான் உட்கார்ந்து எழுதுகிறார், நாளைக்குக் காலையில் தபாலாபீஸ் திறந்ததும் அனுப்பிவிடுவேன்.